வேகம் குறைந்த மரியோ: வீடியோ கேம் இசை கொங்கு வீடுகளில் தங்கிய விதம்

மரியோ ஆட்டத்தின் முதல் கட்டத்து மெட்டை நிண்டெண்டோ நிறுவனத்தின் மூலப் பதிப்பில் முதன்முறையாகக் கேட்டபோது, யாரோ அவசரப்பட்டு வாசிப்பதாகவே எனக்குத் தோன்றியது. சோமனூர்ப் பக்கம் தறிக்குடோனை ஒட்டியிருந்த எங்கள் வீட்டில் சிறுவயதில் நூற்றுக்கணக்கான முறை கேட்ட அதே மெட்டுதான் அது. சுருதியும் ஏறக்குறைய அதேதான். நடை மட்டும் வேறாக இருந்தது. காலப்போக்கில் என் நினைவுதான் பிசகிவிட்டது என்று பல ஆண்டுகள் எண்ணியிருந்தேன். பிறகு அந்தக் கருவிகளின் உள்ளமைப்பைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது நினைவில் பிழையில்லை என்பது தெரிந்தது. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் என்று இந்தப் பகுதியின் வீடுகளில் டிவி கேம் ஆடி வளர்ந்த பலரும் கேட்டது, ஜப்பானியச் சிறுவர்கள் கேட்டதைவிட மெதுவான மரியோவைத்தான். அதற்கான காரணத்தை விளங்கிக்கொள்ள, அந்த இசை எத்தகைய எந்திரத்துக்காக எழுதப்பட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஃபேமிகாம் என்று ஜப்பானில் அழைக்கப்பட்ட அந்தக் கருவியை நிண்டெண்டோ 1983 ஜூலையில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் மையச் சில்லிலேயே ஒலியை உருவாக்கும் பகுதியும் அடங்கியிருந்தது. ஐந்து தடங்களுக்கு மேல் அதனால் ஒலிக்க இயலாது. அவற்றில் இரண்டு சதுர அலைத் தடங்கள். மெட்டையும் மெட்டுக்குத் துணை நிற்கும் சுரங்களையும் பெரும்பாலும் இவையே ஏந்தின. மூன்றாவது முக்கோண அலைத் தடம்; அதில் ஒலியளவைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை, ஒலிக்கச் செய்யலாம் அல்லது நிறுத்தலாம், அவ்வளவுதான். ஆனாலும் அதன் மிருதுவான தன்மை கீழ்ச்சுரங்களுக்கு மிகவும் பொருந்தியது. நான்காவது இரைச்சல் தடம். சுரம் எதுவும் இல்லாத அந்த ஒலியைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கித்தான் தாளம் அமைத்தார்கள். முன்பே பதிவு செய்த ஒலித்துணுக்குகளுக்கான ஐந்தாவது தடம் நினைவகத்தை அதிகமாக எடுத்துக்கொண்டதால், பல ஆட்டங்கள் அதைத் தொடவே இல்லை. 1985-இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் ஆட்டம், படங்கள், விதிகள், இசை அனைத்தையும் சேர்த்து 40 கிலோபைட்டில் அடங்கிவிடுகிறது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்கே அதைப் போலப் பல மடங்கு இடம் வேண்டும்.

இந்தச் சிறு இடத்துக்குள் இசையமைத்தவர் கோஜி கொண்டோ. 1961-இல் நகோயாவில் பிறந்து, 1984-இல் நிண்டெண்டோவில் சேர்ந்தவர் அவர். மரியோவின் ஓட்டம், தாவல், தரையில் கால் பதியும் கணம் ஆகியவற்றின் தாளத்தோடு மெட்டு பொருந்த வேண்டும் என்பதே அவர் தமக்கு வைத்துக்கொண்ட அளவுகோல். தொடக்கத்தில் எழுதிய மெட்டு அந்த அசைவோடு இசையவில்லை என்பதால் அதைக் கைவிட்டு வேறு எழுதினார். இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. மரியோ தாவும்போதும் காசு எடுக்கும்போதும் எழும் ஒலிகளுக்கென்று தனித் தடம் எதுவும் அந்தச் சில்லில் கிடையாது. இசைக்கு ஒதுக்கப்பட்ட சதுர அலைத் தடங்களில் ஒன்று, அந்தக் கணத்துக்கு மட்டும் இசையை விட்டுவிட்டுத் தாவல் ஒலியை எழுப்பிய பின் மீண்டும் இசைக்குத் திரும்பும். ஆகவே தாவுகிற ஒவ்வொரு முறையும் ஆடுபவரின் விரல் இசையில் ஒரு சிறு பகுதியை மறைத்துத் தன் ஒலியை அங்கே வைக்கிறது. ஒரே கட்டத்தை ஒரே வீட்டில் இருவர் ஆடினாலும் காதில் விழும் இசை இருவருக்கும் வெவ்வேறு. வீடியோ கேம் இசை திரைப்பாடலிலிருந்து அடிப்படையிலேயே வேறுபடும் இடம் இதுதான் என்று நான் கருதுகிறேன்: கேட்பவரின் கை அதற்குள் இருக்கிறது.

இனி வேகத்துக்கு வருவோம். ஃபேமிகாமில் இசையை நடத்தும் நிரல் தனக்கென்று ஒரு கடிகாரம் வைத்துக்கொள்ளவில்லை. திரையில் ஒவ்வொரு முறை புதிய படம் வரையப்படும்போதும் அது ஒரு அடி முன்னே செல்லும். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தொலைக்காட்சி நொடிக்கு 60 முறை திரையைப் புதுப்பிக்கும் முறையில் அமைந்தது. இந்தியாவில் நாம் பின்பற்றியது பால் (PAL) எனப்படும் தொலைக்காட்சி முறை. அதில் நொடிக்கு 50 முறைதான். ஃபேமிகாமைப் பார்த்து நம் தொலைக்காட்சிகளுக்கென்று செய்யப்பட்ட நகல் கருவிகள் 50 என்ற கணக்கில் இயங்கின. அவற்றில் செருகப்பட்ட கேசட்டுகளில் இருந்ததோ 60 என்ற கணக்கை நம்பி எழுதப்பட்ட ஜப்பானிய ஆட்டங்கள். எனவே மூலத்தில் 60 நொடிகளில் முடியும் இசை இங்கே 72 நொடிகள் ஓடியது. மரியோவின் ஓட்டமும் அதே அளவுக்கு மெதுவானதால், கண்ணுக்கும் காதுக்கும் இடையே எந்த முரணும் தோன்றவில்லை.

சுருதி மட்டும் ஏன் இறங்கவில்லை என்று கேட்கலாம். ஒலிநாடா மெதுவாகச் சுற்றினால் பாடலின் சுருதியும் சேர்ந்தே இறங்கும். இங்கே அப்படி நிகழவில்லை. காரணம், சுரத்தின் உயரத்தை நிர்ணயிப்பது திரையின் வேகம் அன்று, சில்லின் துடிப்பு. மூலக் கருவியின் சில்லு நொடிக்கு ஏறக்குறைய 17 லட்சத்து 90 ஆயிரம் முறை துடித்தது. நகல் கருவிகளில் பலவற்றின் சில்லு ஏறக்குறைய 17 லட்சத்து 73 ஆயிரம் முறை துடித்தது. நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவான இந்த வேறுபாட்டைப் பெரும்பாலான காதுகள் உணர்வதில்லை. ஆக, சுருதி தங்கிவிட்டது, நடை மட்டும் தளர்ந்தது. போதாக்குறைக்கு, தைவானில் தயாரான சில நகல் சில்லுகளில் சதுர அலையின் வடிவங்கள் இரண்டு இடம் மாறி அமைந்துவிட்டதால், கூர்மையாக ஒலிக்க வேண்டிய சுரம் குழைவாகவும், குழைவாக ஒலிக்க வேண்டியது கூர்மையாகவும் வெளிவந்தது. மெட்டு அதேதான், அதை வாசித்த வாத்தியம் மாறியிருந்தது என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

அந்த நகல் கருவிகள் லிட்டில் மாஸ்டர், டெர்மினேட்டர் போன்ற பெயர்களில் விற்றன. கோவை டவுன்ஹால் பக்கத்துக் கடைகளிலும் ஊர்த் தேர்த்திருவிழாக் கடைகளிலும் மஞ்சள் நிறக் கேசட்டுகளைப் பரப்பி வைத்திருப்பார்கள். '9999 இன் 1' என்று அட்டையில் அச்சிட்டிருக்கும். உள்ளே இருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடிய சில ஆட்டங்களே. தொடங்கும் கட்டத்தையோ உயிர்களின் எண்ணிக்கையையோ மாற்றி, அவற்றையே திரும்பத் திரும்பப் பட்டியலில் அடுக்கியிருப்பார்கள். இத்தகைய கூட்டுக் கேசட்டுகள் சிலவற்றில், ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலுக்குப் பின்னால் கடலும் பறவைகளும் தெரிய, ஏக்கம் நிறைந்த மெதுவான மெட்டு ஒன்று ஒலிக்கும். அது 1955-இல் ஓர் அமெரிக்கத் திரைப்படத்துக்காக அலெக்ஸ் நார்த் இசையமைத்த பாடலின் மெட்டு. எந்த உரிமையும் பெறாமல் யாரோ ஒருவர் அந்தப் பட்டியலில் ஏற்றிவைத்த அந்த மெட்டை, அது எங்கிருந்து வந்தது என்று அறியாமலே, கடலைப் பார்த்திராத எத்தனையோ சிறுவர்கள் மனப்பாடம் செய்திருந்தார்கள்.

மனப்பாடமானதற்குத் திரும்பத் திரும்பக் கேட்டதே முதற்காரணம். அந்தத் திரும்பக் கேட்டல் தற்செயலானதும் அன்று. ஆட்டத்தின் அமைப்பிலேயே இருந்தது. ஓர் ஆடுபவர் ஒரு கட்டத்தில் எவ்வளவு நேரம் தங்குவார் என்பது இசையமைப்பாளருக்குத் தெரியாது. எனவே முடிவு தொடக்கத்தில் போய்ச் சேரும்படி, தையல் தெரியாத வளையமாக மெட்டை அமைக்க வேண்டியிருந்தது. மரியோவில் ஆட்டத்தைச் சேமித்து வைக்கும் வசதி கிடையாது. உயிர்கள் தீர்ந்தாலும், மின்சாரம் போனாலும், டிவி சூடாகிவிட்டது என்று வீட்டில் அணைத்துவிட்டாலும், அடுத்த முறை முதல் கட்டத்திலிருந்தே தொடங்க வேண்டும். ஆட்டத்தின் இறுதிப் பகுதியான எட்டாவது உலகத்தின் கோட்டைக்குள் போனவர்கள் சிலரே. முதல் உலகத்தின் முதல் கட்டத்தைக் கடக்காதவர் எவரும் இல்லை. கொனாமி நிறுவனத்தின் கான்ட்ரா ஆட்டத்திலும் இதே நிலைதான்: 1987-இல் பொது ஆட்டக் கூடங்களுக்கு வந்து, மறு ஆண்டு வீட்டுக் கருவிக்கு மாறிய அந்த ஆட்டத்தில், காட்டுக்குள் துப்பாக்கியோடு ஓடும் முதல் கட்டத்து இசையைத்தான் எல்லோரும் பாடிக்காட்டுகிறார்கள். சித்தப்பா மகனோடு சேர்ந்து ஆடும்போது, இரண்டு முறை மேல், இரண்டு முறை கீழ், இடம், வலம், மீண்டும் இடம், வலம், பிறகு பி, ஏ என்று அழுத்தி 30 உயிர்கள் பெறும் குறுக்குவழி எங்கள் ஊருக்கும் எப்படியோ வந்து சேர்ந்திருந்தது. கொனாமியின் கசுஹிசா ஹஷிமோட்டோ, 1986-இல் கிராடியஸ் ஆட்டத்தை வீட்டுக் கருவிக்கு மாற்றும்போது, அதைச் சோதித்துப் பார்ப்பதே தமக்குக் கடினமாக இருந்ததால் உருவாக்கிக்கொண்ட விசைவரிசை அது.

வளையம் மட்டுமே இருந்தால் சலிப்புத்தான் மிஞ்சியிருக்கும். அந்த வளையம் ஆட்டத்தின் நிலைக்கேற்ப மாறியது என்பதே இந்தக் கலையின் உயிர்நிலை. அதன் தொடக்கத்தை 1978-இல் டைட்டோ நிறுவனத்துக்காக டொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸ் ஆட்டத்தில் காணலாம். இறங்கிச் செல்லும் நான்கு கீழ்ச்சுரங்கள். அவ்வளவுதான் அதன் இசை. எதிரிகள் குறையக் குறைய மிஞ்சியவர்கள் வேகமாக நகர, அந்த நான்கு சுரங்களும் நெருங்கி ஒலிக்கும். ஆடுபவரின் நெஞ்சு படபடக்கும். மரியோவில் 400-இல் தொடங்கும் நேரக் கணக்கு 100-ஐத் தொட்டதும், எச்சரிக்கை ஒலி ஒன்று எழுந்து அதே மெட்டு விரைந்து ஓடும். 1991-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஆட்டத்தில் யோகோ ஷிமோமுரா அமைத்த இசை, சண்டையிடுபவரில் ஒருவரின் வலிமை தீரும் நிலைக்கு வந்தவுடன் வேகம் கூடும். திரையைப் பார்க்காமலே ஆட்டம் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லிவிட முடியும்.

இதை எங்கள் வீட்டில் எனக்கு உணர்த்தியவர் அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா. திண்ணையில் உட்கார்ந்து, தறியின் குறுக்கு நூலைச் சிறு குழலில் ஏற்றித் தார் சுற்றிக்கொண்டிருக்கும் அவருக்கு உள்ளே இருக்கும் டிவி தெரியாது, மரியோ பள்ளத்தில் விழும்போது வரும் அந்தச் சிறு இசைத் துணுக்குக் காதில் விழுந்ததும், "போச்சா கண்ணு?" என்பார். அவர் அந்த ஆட்டத்தை ஒருமுறைகூட ஆடியதில்லை. ஆனால் பத்துப் பதினைந்து தறிகள் ஓடும் குடோனில் ஒரு தறி நின்றால், திரும்பிப் பார்க்காமலே, சத்தத்தின் அடர்த்தி குறைந்ததைக் கொண்டு அறிந்துகொள்ளும் காது அவருடையது. ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வரும் ஒலியில் ஏற்படும் மாற்றத்தைச் செய்தியாக வாசிக்கும் பழக்கம் தறிக்காரர்களுக்கு வேலையின் ஒரு பகுதி. வீடியோ கேம் இசையமைப்பாளர்கள் நம்பியிருப்பதும் அதே காதைத்தான்.

பொது ஆட்டக் கூடங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். டோக்கன் வாங்கி ஆடும் அந்தக் கடைகளில் கேப்காம் நிறுவனத்தின் 1993-ஆம் ஆண்டு ஆட்டம் ஒன்று, அதில் வரும் ஒரு பாத்திரத்தின் பெயரால் 'முஸ்தபா' என்றே அழைக்கப்பட்டது. அதன் உண்மைப் பெயர் கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ் என்பதைப் பலரும் இணையம் வந்த பிறகே அறிந்தார்கள். நான்கைந்து எந்திரங்கள் ஒரே நேரத்தில் முழங்கும் அந்த அறைகளில் இசையைத் தனித்துக் கேட்க வழியே இருக்காது. டோக்கன் விழும் ஒலியும் அடி விழும் ஒலியுமே அங்கிருந்து நினைவில் எஞ்சுகின்றன.

டெட்ரிஸின் இசைக்கு மட்டும் சற்று நின்று செல்ல வேண்டும். மாஸ்கோவில் அலெக்ஸி பஜிட்நோவ் உருவாக்கிய அந்த ஆட்டம் 1989-இல் நிண்டெண்டோவின் கேம் பாய் என்னும் கையடக்கக் கருவியோடு உலகெங்கும் பரவியபோது, ஹிரோகாசு தனாகா அதற்கு ஒரு பழைய ரஷ்ய நாட்டுப்பாடலின் மெட்டை அமைத்துக் கொடுத்தார். அந்தப் பாடல், நிகலாய் நெக்ராசோவ் 1861-இல் எழுதிய நெடுங்கவிதை ஒன்றிலிருந்து பிறந்தது. கூடையில் துணிமணிகளைச் சுமந்து ஊர் ஊராகச் சென்று விற்கும் வியாபாரி ஒருவன், தன் கூடை நிறையச் சீட்டித் துணியும் சரிகைத் துணியும் இருப்பதாகப் பாடி, தோள் வலிக்கச் சுமந்துவந்த சரக்கை ஒரு பெண்ணிடம் விலை பேசுகிறான். ஈரோடு கனி மார்க்கெட்டில் திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கும் வாரச் சந்தையில் துணி மூட்டைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு பேருந்து நிலையம் நோக்கிப் போகும் சிறு வியாபாரிகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மெட்டு எனக்கு நினைவுக்கு வருவதுண்டு. கட்டைகள் அடுக்கும் ஆட்டத்தின் இசை என்று உலகம் அறிந்திருப்பது, உண்மையில் ஒரு துணி வியாபாரியின் பாட்டு. கைமாறிக் கைமாறி வந்ததில் சொற்கள் உதிர்ந்து மெட்டு மட்டும் தங்கியிருக்கிறது.

தொண்ணூறுகளில் கருவிகள் வளர்ந்தபோது இசையமைப்பாளர்களின் கையும் விரிந்தது. சூப்பர் ஃபேமிகாமின் ஒலிச் சில்லைச் சோனியில் பணியாற்றிய கென் குடராகி வடிவமைத்தார். எட்டுத் தடங்களும், ஒலித்துணுக்குகளை வைக்க 64 கிலோபைட் இடமும் அதில் இருந்தன. நோபுவோ உயெமட்சுவின் ஃபைனல் ஃபேன்டஸி இசை முழு வளர்ச்சி கண்டது அந்தக் காலத்தில்தான். முறையான இசைக்கல்வி பெறாமல் தாமாகவே கற்றவர் அவர். 1997-இல் வந்த ஏழாம் ஃபைனல் ஃபேன்டஸியில், ஏரித் என்னும் பெண் கொல்லப்படும் காட்சியை அவர் கையாண்ட விதத்தை வீடியோ கேம் இசையின் உச்சங்களில் ஒன்றாக நான் மதிக்கிறேன். அந்தக் காட்சியை அடுத்து உடனே ஒரு சண்டை வருகிறது. வழக்கமாகச் சண்டை தொடங்கியதும் போர் இசை முழங்கத் தொடங்கும். இங்கே ஏரித்துக்குரிய மெல்லிய மெட்டே நிற்காமல் சண்டைக்குள்ளும் தொடர்கிறது. ஆடுபவர் துக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டே போரிட நேர்கிறது. விசைகளை அழுத்தும் கையையே வருந்தச் செய்யும் இத்தகைய உத்தி திரைப்படத்துக்குக் கைவராது. இந்தக் கருவிகள் நம் பகுதியில் அன்று மிகச் சில வீடுகளிலேயே இருந்ததால், இந்த இசையை நம்மில் பெரும்பாலோர் அடைந்தது பிற்காலத்தில், கணினி வழியாகத்தான்.

கணினி வந்தது பிரவுசிங் சென்டர்களின் வழியே. ரோடு ரேஷ் ஆட்டம் சவுண்ட்கார்டன் போன்ற அமெரிக்க ராக் குழுக்களின் பாடல்களைச் சுமந்துவந்தது. அதைவிடப் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது 2002-இல் வெளியான ஜிடிஏ வைஸ் சிட்டி. 1986-ஆம் ஆண்டில் நடப்பதாக அமைந்த அதன் கதையில், எந்த வண்டியில் ஏறினாலும் அக்காலப் பாடல்களை ஒலிபரப்பும் வானொலி இருக்கும். இசை ஆட்டத்தின் மேலே வைக்கப்பட்டதாக இல்லாமல், அந்த நகரத்துக்குள்ளேயே ஒலிக்கும் ஒன்றாக இருக்கும். அதன் கணினிப் பதிப்பில் ஒரு கோப்புறை உண்டு. நம்மிடம் உள்ள எம்பி3 கோப்புகளை அதில் போட்டுவைத்தால், அவை தனி வானொலி நிலையமாகவே ஆட்டத்துக்குள் ஒலிக்கும். இந்த வசதியை நம் பிள்ளைகள் கண்டுகொள்ள அதிக நாள் ஆகவில்லை. கோவை காந்திபுரத்தில் மணிக்கணக்கில் காசு கொடுத்து ஆடிய பையன்கள், மயாமியைப் போலச் செய்த அந்தக் கடற்கரைச் சாலையில் தமிழ்த் திரைப்பாடல்களைப் போட்டுக்கொண்டு கார் ஓட்டினார்கள். அந்த ஆட்டத்தின் இசை எது என்று அவர்களை இன்று கேட்டால், அதை உருவாக்கியவர்கள் கேள்விப்பட்டே இராத பாடல்களைச் சொல்வார்கள். தங்கள் கேட்கும் பழக்கத்தை ஓர் அயல்நாட்டு ஆட்டத்துக்குள் முழு உரிமையோடு அவர்கள் குடியேற்றினார்கள் என்பது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தரும் செய்தி.

நிலைக்கேற்ப மாறும் இசை இக்காலத்தில் ஒரு தனிப் பொறியியலாகவே வளர்ந்துவிட்டது. அதில் இரண்டு வழிகள் உண்டு. நெசவு தெரிந்தவர்களுக்கு அவற்றை விளக்குவது எளிது. முதல் வழியில், ஒரே இசையின் பல அடுக்குகள், தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல்களைப் போல இணையாக ஓடிக்கொண்டே இருக்கும். ஆட்டத்தின் நிலையைப் பொறுத்துச் சில அடுக்குகள் மேலெழும், சில அடங்கும். 2010-இல் வந்த ரெட் டெட் ரிடம்ப்ஷன் ஆட்டத்துக்காக பில் எல்மும் வுடி ஜாக்சனும், நிமிடத்துக்கு 130 தட்டு என்ற ஒரே வேகத்தையும் ஏ மைனர் என்ற ஒரே சுரநிலையையும் பெரும்பாலும் கடைப்பிடித்து இசைத் துணுக்குகளைப் பதிவு செய்தார்கள். அதனால் எந்த அடுக்கை எதன்மேல் வைத்தாலும் பிசிறு தட்டவில்லை. குதிரையில் ஏறினால் ஒரு வாத்தியம் சேரும். துப்பாக்கி வெடித்தால் மற்றொன்று சேரும்.

இரண்டாவது வழியில் இசை துண்டுகளாக எழுதப்பட்டிருக்கும். தேவைக்கேற்பத் தறியில் குறுக்கே ஓடும் ஊடை நூலின் நிறத்தை மாற்றுவது போல, ஒரு துண்டு முடியும் இடத்தில் பொருத்தமான அடுத்த துண்டு வந்து சேரும். 1998-இல் வந்த செல்டா ஆட்டத்தில் பரந்த புல்வெளியைக் கடக்கும்போது ஒலிக்கும் இசையைக் கொண்டோ இப்படித்தான் அமைத்தார். எட்டுத் தாளவட்டத் துண்டுகள் முன்பின்னாக மாறி மாறி வருவதால், நெடுநேரம் நடந்தாலும் ஒரே வரிசை மீண்டும் வருவது அரிது. இவற்றுக்கெல்லாம் முன்னோடியாக, 1991-இல் மங்கி ஐலண்ட் ஆட்டத்தின் இரண்டாம் பாகத்துக்கு மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்கானலும் லூகாஸ்ஆர்ட்ஸ் நிறுவனத்தில் ஓர் ஒழுங்குமுறையை உருவாக்கினார்கள். ஆடுபவர் ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குப் போனால், இசை சட்டென்று அறுபடாமல், தாளத்தின் சரியான இடம் வரும்வரை காத்திருந்து மாறும்.

காத்திருந்து மாறுவது என்பதை நம் பக்கத்து ஊர்களில் வள்ளி கும்மி பார்த்தவர்களுக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை. நூற்றுக்கணக்கானோர் வட்டமாக நின்று அடியெடுக்கும்போது, பாடும் ஆசான் கூட்டத்தின் கால்களைப் பார்த்துக்கொண்டே பாடுகிறார். கூட்டத்துக்கு அடி பிடிபடும்வரை அதே வரியைத் திரும்பப் பாடுவார். பிடிபட்ட பிறகு அடுத்ததற்குப் போவார். இறுதியை நெருங்கும்போது வேகம் ஏற்றுவார். மேட்டுப்பாளையம் வட்டாரத்தைச் சேர்ந்த மூத்த கும்மி ஆசான் பத்ரப்பனுக்கு 2024-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது, நாட்டுப்புறக் கலைக்குக் கிடைத்த பெருமை என்று எல்லோரும் பேசினார்கள், அது சரியே. என் மனத்தில் கூடுதலாக எழுந்த எண்ணம் ஒன்று உண்டு. ஆடுபவரின் நிலையை நொடிதோறும் கவனித்து அதற்கேற்ப இசையை நீட்டியும் மாற்றியும் கொடுக்கும் அந்த ஆசானின் திறனைத்தான், கணினிக்குக் கற்றுக்கொடுக்கப் பொறியாளர்கள் இத்தனை ஆண்டுகள் உழைத்திருக்கிறார்கள்.

கைப்பேசிக் காலத்தில் ஆட்டங்களின் ஒலி வேறு திசையில் திரும்பியது. 2018-இல் வந்த பப்ஜி மொபைல் ஆட்டத்தில் டாம் சால்டா அமைத்த முகப்பிசை கம்பீரமானது. ஆயினும் அது காத்திருக்கும் முகப்பில் மட்டுமே ஒலிக்கும். களத்தில் இறங்கிவிட்டால் இசை கிடையாது. காலடி ஓசை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, துப்பாக்கிச் சத்தம் எவ்வளவு தொலைவில் கேட்கிறது என்பவற்றைக் காதொலிப்பானில் உற்றுக் கேட்டால்தான் பிழைக்க முடியும் என்பதால், அங்கே இசை இடைஞ்சலாகிவிடும். 2020 செப்டம்பரில் இந்திய அரசு அதைத் தடை செய்து, 2021 ஜூலையில் வேறு பெயரில் அது மீண்டும் வந்தபோது, இன்றைய இளைஞர்கள் அந்த முகப்பிசையைக் கேட்டு நெகிழ்ந்தார்கள். நண்பர்கள் நால்வரும் ஒவ்வொருவராக வந்து சேரும்வரை காத்திருந்த நேரத்தின் இசை அது. மரியோவின் முதல் கட்டம் எங்களுக்கு எப்படியோ, அந்த முகப்பு அவர்களுக்கு அப்படி.

பொதுவெளியின் மதிப்பு இந்த இசைக்கு மெல்லத்தான் கிடைத்தது. டிராகன் குவெஸ்ட் ஆட்டத்துக்கு இசையமைத்த கொய்ச்சி சுகியாமா, 1987-லேயே டோக்கியோவின் சன்டோரி அரங்கில் அந்த இசையை மேடைக் கச்சேரியாக நிகழ்த்தினார். 2021 ஜூலையில் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில், நாடுகளின் அணிவகுப்பு அவருடைய மெட்டோடுதான் தொடங்கியது. கிறிஸ்டோபர் டின் ஒரு நாகரிக வளர்ச்சி ஆட்டத்துக்காக ஸ்வாஹிலி மொழியில் அமைத்த பாடல், 2011-இல் கிராமி விருது பெற்ற முதல் வீடியோ கேம் இசையானது. வீடியோ கேம் இசைக்கென்றே தனிப் பிரிவு 2023-இல்தான் வந்தது. அதே 2023-இல், அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்கும் தேசிய ஒலிப்பதிவுத் தொகுப்பில் கொண்டோவின் மரியோ மெட்டு சேர்க்கப்பட்டது. அந்தத் தொகுப்பில் இடம்பெற்ற முதல் வீடியோ கேம் இசை அதுவே. 2025-இல் மைன்கிராஃப்ட் ஆட்டத்துக்காக டேனியல் ரோசன்ஃபெல்ட் அமைத்த அமைதியான இசைத்தொகுப்பும் அங்கே சேர்ந்தது.

தமிழ் ஒலிக்கும் ஆட்டம் ஒன்றும் இந்த வரிசையில் வந்துவிட்டது. டொரண்டோவிலிருந்து இயங்கும் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட வெண்பா, எண்பதுகளில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையைச் சமையலின் வழியே சொல்கிறது. அரைகுறையாக அழிந்துபோன அம்மாவின் சமையற்குறிப்பேட்டைக் கொண்டு இட்லி வார்ப்பதில் தொடங்கும் அந்த ஆட்டத்துக்கு, ஆல்ஃபா சம்திங் என்ற பெயரில் இயங்கும் இசையமைப்பாளர், அந்தந்தக் காலத்துத் தமிழ்த் திரையிசையின் பாணியைத் தழுவிய புதிய பாடல்களை அமைத்திருக்கிறார். அது 2024-இல் அறிமுக ஆட்டத்துக்கான பிரிட்டனின் பாஃப்டா விருதைப் பெற்றது. வைஸ் சிட்டியின் கோப்புறையில் நாங்களாகவே தமிழ்ப் பாட்டைப் போட்டுக்கொண்ட காலத்தை அறிந்தவர்களுக்கு, இட்லித் தட்டை அடுக்கும் கையோடு சேர்ந்து தமிழ்ப் பாட்டு தானாகவே ஒலிப்பதன் அருமை தெரியும்.

பழைய கருவிகளைக் கணினியில் அப்படியே இயங்கச் செய்யும் மென்பொருள்கள் இப்போது பல உள்ளன. அவற்றுள் எஃப்சிஇயூஎக்ஸ், மெசென் ஆகிய இரண்டிலும், கருவி எந்தப் பகுதிக்குரியது என்று தேர்ந்தெடுக்கும் இடத்தில், ஜப்பானிய, ஐரோப்பிய முறைகளோடு 'டென்டி' என்ற மூன்றாவது முறையும் இருக்கும். தொண்ணூறுகளில் ரஷ்யாவில் விற்ற ஒரு நகல் கருவியின் பெயர் அது. நம் வீடுகளில் ஓடிய பால் முறை நகல் கருவிகள் அந்தக் கணக்கிலேயே இயங்கியவை. ஒலிக்கான அமைப்புகளுக்குள் சென்றால், நகல் சில்லுகளில் நேர்ந்ததைப் போலவே சதுர அலையின் வடிவங்களை இடம் மாற்றும் தெரிவும் கிடைக்கும். இரண்டையும் தேர்ந்துவிட்டு முதல் உலகத்தின் முதல் கட்டத்தைத் தொடங்கினால், அம்மிச்சி தார் சுற்றிய திண்ணைவரை கேட்ட அதே நடையில், ஒரு நிமிடத்து மெட்டு 72 நொடிகளுக்கு ஓடும்.